இன்றைக்கு எத்தனை குடம்?

அதிகாலை மூன்றரை மணி. காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் சத்தம் காற்றில் மிதந்து வருகிறது. இரண்டு தெரு தள்ளி, வீட்டு வாசலில் இட்லிக்கடை போடும் பெண்ணுக்கு அலாரம் அடித்து ஓய்ந்து பத்து நிமிடம் ஆகிறது. கண் விழித்துவிட்டார். எழத்தான் முடியவில்லை. விரல்கள் மடங்க மறுக்கின்றன. உடம்பு முழுக்க ஈர மணல் மூட்டையை ஏற்றி வைத்தது போல ஒரு பாரம்.

"இன்னா, இன்னும் அடுப்பு பத்த வெக்கலியா?" உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல்.

"தோ, எழுந்துட்டேன் அத்தை. வலியக்கூட பொறுத்துக்கலாம். உடம்புல சத்தே இல்லாத மாதிரி கீது. ராத்திரி பூரா தூங்குனேன், ஆனா தூங்குன மாதிரியே இல்ல."

"நான்லாம் மூணு புள்ளய பெத்துட்டு, மீன் கூடைய தலைல வெச்சிகினு தெருத்தெருவா சுத்துனவ. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத்தான் எப்பப் பாரு அசதி."

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ வீடுகளில், வார்த்தைகள் மட்டும் கொஞ்சம் மாறி, இதே உரையாடல் நடக்கிறது. மருத்துவர் 'முடக்குவாதம்' என்றோ 'லூபஸ்' என்றோ பெயர் சொல்லியிருப்பார். மாத்திரையும் கொடுத்திருப்பார். வீக்கம் வடிந்திருக்கும். ஆனால் சோர்வு மட்டும் போயிருக்காது. வீங்கிய விரலை நான்கு பேருக்குக் காட்டலாம். சோர்வை எப்படிக் காட்டுவது? காட்ட முடியாத நோய்க்கு வீட்டில் கிடைக்கும் பெயர் ஒன்றுதான்: சோம்பேறித்தனம்.

அந்தப் பெயர் தவறு. ஏன் தவறு, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

காவல்காரனே வீட்டை அடித்தால்...

கிருமி உள்ளே வந்தால் அடித்து விரட்டுவதற்காக உடம்பு வைத்திருக்கும் காவல்படைதான் நோய் எதிர்ப்பு மண்டலம். சிலருக்கு அந்தப் படை ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்க ஆரம்பிக்கிறது. இவற்றைத்தான் 'ஆட்டோ இம்யூன்' நோய்கள், தமிழில் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறார்கள். மூட்டைத் தாக்கினால் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனும் முடக்குவாதம். தைராய்டு சுரப்பியைத் தாக்கினால் ஹஷிமோட்டோ. கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கினால் ஷோகிரென். தசையைத் தாக்கினால் மயோசிடிஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களில் கை வைப்பது லூபஸ். இப்படி 80-க்கும் மேற்பட்ட நோய்கள் இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. பெண்களைத்தான் இவை அதிகம் பிடிக்கின்றன. லூபஸ் வந்த 10 பேரில் 9 பேர் பெண்கள்.

தாக்குதல் நடக்கும் இடம் வேறு வேறாக இருந்தாலும், பெரும்பாலோர் சொல்லும் புகார் ஒன்றுதான்: தாங்க முடியாத சோர்வு.

காரணத்தைப் புரிந்துகொள்ள, கடைசியாகக் காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பார்த்தால் போதும். காய்ச்சலில் யாரும் எழுந்து வீடு பெருக்குவதில்லை. சாப்பாடு பிடிக்காது, பேச்சு பிடிக்காது, படுத்தால் போதும் என்றிருக்கும். அது கிருமி செய்யும் வேலை மட்டுமல்ல. கிருமியோடு சண்டை போடும்போது காவல்படை 'சைட்டோகைன்' என்ற ரசாயனத் தூதுவர்களை அனுப்புகிறது. அவை மூளைக்குப் போய், 'சண்டை முடியும்வரை படுத்திரு, சக்தியைச் செலவு செய்யாதே' என்று சொல்கின்றன. மூளையும் அப்படியே உத்தரவு போடுகிறது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், உத்தரவும் ரத்தாகிவிடும். தன்னெதிர்ப்பு நோயில் சண்டை முழுதாக ஓய்வதில்லை. அதனால் 'படுத்திரு' என்ற உத்தரவும் ரத்தாவதில்லை.

வேலை செய்து வரும் அசதி இரவு தூங்கினால் போய்விடும். இந்தச் சோர்வு தூங்கி எழுந்த பிறகும் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

"எண்ணூர்ப் புகையாலதான் இது வந்துச்சா டாக்டர்?" என்ற கேள்வி இந்தப் பகுதியில் இயல்பாகவே எழும். ஒருவருக்கு வந்த நோய்க்கு இந்தப் புகைதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்வது கடினம். பரம்பரை, ஹார்மோன், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்துதான் நோய் வருகிறது. ஆனால் இரண்டு விஷயங்களில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகம் இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பது முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும், வந்த பின் மருந்து வேலை செய்வதையும் குறைக்கும். கல் உடைக்கும், மணல் அச்சில் உலோகம் வார்க்கும் இடங்களில் பறக்கும் சிலிக்கா தூசியும் முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றின் வாய்ப்பைக் கூட்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் முகக்கவசத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பதால் பயனில்லை.

வீராங்கனைக்கும் வந்தது

'நல்லா சாப்பிட்டு, உடற்பயிற்சி செய்தா இதெல்லாம் வருமா?' என்று கேட்பவர்கள் வீனஸ் வில்லியம்ஸைப் பார்க்கலாம். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். அவரைவிட உடலை நன்றாகப் பராமரித்தவர்கள் உலகத்திலேயே குறைவு. அவர்தான் 2011-ல் அமெரிக்க ஓப்பன் போட்டியின் நடுவே விலகினார். தனக்கு ஷோகிரென் நோய் இருப்பதாக அறிவித்தார். பெயர் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே சோர்வும் மூச்சிரைப்பும் அவரைப் படுத்திக்கொண்டிருந்தன.

அவர் ஆட்டத்தை விடவில்லை, ஆடும் விதத்தை மாற்றிக்கொண்டார். சாப்பாட்டை மாற்றினார். பயிற்சியை உடம்பு அனுமதிக்கும் அளவுக்கு அமைத்துக்கொண்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கை செரீனாவோடு இரட்டையர் தங்கம் வென்றார். 2017-ல், 37 வயதில், விம்பிள்டன் இறுதிப்போட்டி வரை போனார். நோய் அவரை விட்டுப் போய்விட்டதால் அல்ல, நோயை வைத்துக்கொண்டே.

சென்னையில் பிறந்து வளர்ந்த நடிகை சமந்தா, 2022 அக்டோபரில் தனக்கு மயோசிடிஸ் இருப்பதாகச் சொன்னபோது வெளியிட்ட படம் பலருக்கு நினைவிருக்கும். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, மைக் முன்னால் உட்கார்ந்து 'யசோதா' படத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே நடிப்புக்கு இடைவேளை விட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளப் போனார்.

உடம்பையே மூலதனமாக வைத்திருக்கும் இவர்களுக்கே இது வருகிறது என்றால், இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. அவர்களால் இடைவேளை விட முடிந்தது. இட்லிக்கடை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு வேறு வழி வேண்டும்.

முதலில் தேட வேண்டியது

சோர்வு என்றாலே 'நோய் அப்படித்தான், பொறுத்துக்கொள்' என்று விட்டுவிடக் கூடாது. அந்தச் சோர்வுக்குள்ளேயே சரிசெய்யக்கூடிய காரணங்கள் ஒளிந்திருக்கலாம்.

முதல் சந்தேகம் ரத்தசோகை மீது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தன்னெதிர்ப்பு நோயும் தன் பங்குக்கு ரத்தத்தைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை டீயோடு விழுங்கக் கூடாது. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

அடுத்து தைராய்டு. ஒரு தன்னெதிர்ப்பு நோய் வந்தவருக்கு இன்னொன்றும் கூடவே வரும் வாய்ப்பு அதிகம். அதனால் முடக்குவாதம் இருப்பவருக்குத் தைராய்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார்.

வலியால் கெடும் தூக்கம், குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கம், மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் சோர்வைக் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயே உள்ளுக்குள் கட்டுப்படாமல் எரிந்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் மருந்தை மாற்ற வேண்டும். சோர்வை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருத்துவரும் கேட்க வேண்டும் என்று ஐரோப்பிய முடக்குவாத மருத்துவக் கூட்டமைப்பான யூலார் 2023-ல் தன் பரிந்துரைகளில் வலியுறுத்தியது இதனால்தான்.

ஆனால் கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் 'ஒரே டயர்டா இருக்கு டாக்டர்' என்று சொன்னால் அது காற்றோடு போய்விடும். பதிலாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். 'போன தீபாவளிக்கு நூறு இட்லி ஊற்றினேன், இப்போது நாற்பதிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.' 'மாடி ஏற முன்பு நிற்க மாட்டேன், இப்போது நடுவில் இரண்டு முறை நிற்கிறேன்.' '10-க்கு என் சோர்வு 7.' இப்படிச் சொன்னால் மருத்துவருக்குப் பிடி கிடைக்கும்.

முடக்குவாதத்துக்கென்று தனிப் படிப்பு படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ருமட்டாலஜிஸ்ட் என்பார்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே உண்டு. இந்தியாவில் இந்தத் துறைக்கு முன்னோடியான டாக்டர் ஏ.என்.சந்திரசேகரன் வளர்த்தெடுத்த துறை அது. பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டு, தேவைப்பட்டால் அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டும் போகலாம்.

பன்னிரண்டு கரண்டி, பன்னிரண்டு குடம்

காரணங்களையெல்லாம் சரிசெய்த பிறகும் கொஞ்சம் சோர்வு மிச்சம் இருக்கும். அதோடு வாழக் கற்றுக்கொள்ள, லூபஸ் நோயாளியான ஓர் அமெரிக்கப் பெண் வழி சொன்னார். பெயர் கிறிஸ்டின் மிசெராண்டினோ. 2003-ல் அவர் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பரவியது.

ஒரு நாள் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோழி கேட்டாளாம், "இந்த நோயோடு இருப்பது எப்படி இருக்கும்?" என்று. மேஜை மேல் இருந்த கரண்டிகளைப் பொறுக்கி, 12 கரண்டியைத் தோழி கையில் கொடுத்தார் கிறிஸ்டின். "உன் ஒரு நாளைச் சொல்" என்றார். எழுந்தேன் என்றாள், ஒரு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். குளித்தேன், இன்னொன்று போயிற்று. உடுத்தினேன், அதற்கும் ஒன்று. மாலை வருவதற்குள் தோழியின் கை காலியாகும் நிலை. "ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குக் கரண்டிக்குக் கணக்கே இல்லை. எனக்கு எண்ணிக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

வடசென்னைக்குக் கரண்டியைவிடப் பொருத்தமான கணக்கு குடக் கணக்கு. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது, லாரித் தண்ணீருக்காகப் பச்சையும் சிவப்புமாகத் தெரு நீளத்துக்குக் குடங்கள் வரிசையில் நின்றது யாருக்கும் மறக்காது. கிடைத்த குடங்களில் குடிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று பிரித்து வைத்த கணக்கு இங்குள்ள பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதே கணக்கை உடம்புக்கும் போட வேண்டும்.

ஒரு நாளுக்கு 12 குடம் சக்தி என்று வைத்துக்கொண்டு, இட்லிக்கடைப் பெண்ணின் நாளைப் போட்டுப் பார்க்கலாம். எழுந்து, விரல் மடங்கி, பல் துலக்கி, தலை வாருவதற்குள் ஒரு குடம் காலி. இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, விற்று முடிக்க நான்கு. பாத்திரம் கழுவ ஒன்று. குளிக்க ஒன்று. மதியச் சமையலுக்கு இரண்டு. துணி துவைக்க இரண்டு. மாலையில் மறுநாளைக்கு மாவு அரைக்க இரண்டு. கூட்டினால் பதின்மூன்று. ரேஷன் கடைக்கும் போகவில்லை, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அதற்குள் ஒரு குடம் கடன். அந்தக் கடனை நாளைய தண்ணீரிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாளை எழும்போதே பதினொன்றுதான் இருக்கும்.

இது மருத்துவ அளவு அல்ல, ஒரு வீட்டுக் கணக்கு. ஒருவருக்குக் குளியலே இரண்டு குடம் கேட்கும். இன்னொருவருக்குச் சமையல் ஒன்றோடு முடியும். ஒரு வாரம் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வந்தால் அவரவர் கணக்கு தெரிந்துவிடும்.

நல்ல நாளில்தான் ஆபத்து

இந்த நோய் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது மோசமான நாளில் அல்ல, நல்ல நாளில். திடீரென்று ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கும். 'அப்பாடா' என்று போர்வையெல்லாம் துவைத்து, பரணை இறக்கி, ஒட்டடை அடித்து, மாமியாரிடம் நல்ல பெயரும் வாங்கிவிடுவார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. 'நேத்து மட்டும் எப்படி முடிஞ்சுது?' என்ற பேச்சும் கூடவே வரும்.

அதனால் நல்ல நாளிலும் கணக்கை மீறக் கூடாது. ஒட்டடை ஒரு நாள், போர்வை இன்னொரு நாள். களைத்துப்போன பிறகு ஓய்வு எடுப்பதைவிட, களைப்பதற்கு முன்பே ஓய்வு எடுப்பது நல்லது. அரை மணி வேலை, பத்து நிமிடம் உட்காருதல். மதியம் இருபது, முப்பது நிமிடத் தூக்கம் போதும். அதற்கு மேல் போனால் இரவுத் தூக்கத்தில் கை வைக்கும்.

எங்கெங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றும் பார்க்கலாம். நின்றுகொண்டு செய்யும் வேலையை உட்கார்ந்து செய்தாலே பாதி குடம் மிச்சம். அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து எழுவதற்குப் பதில் மேஜை மேல் கத்தி. மீனைச் சந்தையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்கிவிட்டால் கொஞ்சம் காசு கூட ஆகும், ஆனால் விரல் தப்பிக்கும். பெரிய அண்டாவில் தண்ணீர் தூக்காமல் சின்னப் பாத்திரத்தில் இரண்டு தடவை. கிரைண்டர் கல்லைத் தூக்கி, மாவை வழித்து வைக்கும் வேலை கணவருடையது. துணி பிழிந்து காயப்போடும் வேலை பிள்ளைகளுடையது, அதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேச்சு வேண்டாம்.

இப்படி மாவில் ஒன்று, துணியில் இரண்டு என்று குறைத்தால் பதின்மூன்று பத்தாகிவிடும். மிச்சமாகும் இரண்டு குடத்தையும் புது வேலையில் கொட்டிவிடக் கூடாது. ஒன்று அவசரத்துக்கு. இன்னொன்று மகளோடு உட்கார்ந்து சிரித்துப் பேச.

ஆஸ்பத்திரி நாளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலையில் நின்றுகொண்டே போனால் நான்கு குடம் போய்விடும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏறினால் பொது மருத்துவமனைக்கு எதிரே சென்ட்ரலில் இறங்கலாம். லிஃப்டும் உண்டு. போகும்போது பஸ்ஸில் காசை மிச்சம் பிடித்தாலும், களைத்துத் திரும்பும்போது மெட்ரோவுக்குக் கொடுப்பது வீண் செலவு அல்ல. லிஃப்ட் வாசலில் நிற்க வெட்கப்படவும் வேண்டாம்.

படுத்தே கிடந்தாலும் ஆகாது

சக்தியைச் சேமிப்பது என்றால் அசையாமல் கிடப்பது என்று அர்த்தம் இல்லை. அசையாத தசை மெலியும். மெலிந்த தசை சின்ன வேலைக்கே களைக்கும். அளவான நடையும் பயிற்சியும் சோர்வைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். யூலார் பரிந்துரையிலும் உடற்பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு.

ஆரம்பம் ஐந்தே நிமிடமாக இருக்கட்டும். மறுநாள் உடம்பு முறுக்கவில்லை என்றால் அடுத்த வாரம் ஏழு. லாரிப் புழுதியில் நடக்க வேண்டாம், மொட்டைமாடி போதும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு மாலை வெயில் இறங்கிய பிறகு வடிவுடையம்மன் கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றலாம். லூபஸ் இருப்பவர்களுக்கு வெயிலே எதிரி. பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரை வெளியே போக நேர்ந்தால் குடையும் முழுக்கைத் துணியும் கட்டாயம். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில், காய்ச்சல் இருக்கும் நாளில் பயிற்சிக்கு விடுமுறை.

மாத்திரை விஷயத்தில் விளையாட வேண்டாம்

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு 'கார்ட்டிசோன்' ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். கடைத்தெருவுக்கே போய்வந்தார். உலகம் அதிசயித்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த அதிசயத்தின் விலையும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் கூடும், எலும்பு தேயும், கிருமித் தொற்று எளிதாகப் பிடிக்கும்.

அந்த மருந்துக் குடும்பம்தான் இன்றைய ஸ்டீராய்டு. மருத்துவர் அளந்து கொடுத்தால் உயிர் காக்கும். 'போன தடவ போட்டப்ப நல்லா இருந்துச்சே' என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கித் தொடர்ந்து போட்டால் உயிரையே வாங்கும். பல வாரம் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். காலையில் போடச் சொன்னதை இரவில் போட்டால் தூக்கம் கெடும்.

முடக்குவாதத்துக்குத் தரும் மீத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டுவிட்டால் விபரீதம். காலண்டரில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டு வைப்பது நல்லது. போட்ட மறுநாள் சிலருக்குச் சோர்வு கூடும். கடைக்கு விடுமுறை விடும் நாளுக்கு முந்தின இரவில் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

'வழக்கமான சோர்வுதானே' என்று விட்டுவிடக் கூடாத அறிகுறிகளும் உண்டு. விடாத காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமும் காலும் வீங்குதல், நுரை நுரையாகச் சிறுநீர், விழுங்க முடியாமை, கை கால் திடீரென்று பலமிழத்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

'நீ நல்லாத்தானே இருக்கே', 'மனசுல தைரியம் வெச்சா எல்லாம் சரியாயிடும்', 'எனக்கும்தான் அசதி'. இந்த மூன்றும் ஆறுதலுக்காகச் சொல்லப்படுபவை. கேட்பவருக்கோ, தான் சொன்னதை யாரும் நம்பவில்லை என்றுதான் காதில் விழும். நாளடைவில் அவர் சொல்வதையே நிறுத்திவிடுவார். மருந்து வாங்கக் காசு கேட்பதையும் நிறுத்திவிடுவார். சோர்வு மனச்சோர்வாக மாறுவது இங்கேதான். எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதே சுமை என்று பேச ஆரம்பித்தால் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நம்ப வேண்டும். 'எந்த வேலைய நான் எடுத்துக்கட்டும்?' என்று கேட்க வேண்டும். 'எதாச்சும் வேணும்னா சொல்லு' என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

காசிமேட்டு வீட்டிலும் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. இட்லிக்கடைக்குத் திங்கட்கிழமை லீவு. அறுபது இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார். வாடிக்கையாளர்கள் சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். அந்த வருமானம் குறைந்தது குறைந்ததுதான். அதற்காகக் கணவருக்கும் அவருக்கும் ஓரிரு நாள் பேச்சுவார்த்தை இல்லாமலும் போனது. இப்போது கிரைண்டர் கல்லைக் கணவர் தூக்கி வைக்கிறார். அடுப்பங்கரையில் ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது.

குடக் கணக்கை ஒரு நாள் மாமியாரிடமும் சொன்னார். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்ட மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் வளைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் உன் வயசுல இப்பிடித்தான் இருந்துச்சு. கூடைய இறக்கி வெச்சிட்டு, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதுகீறேன். யார்கிட்ட போயி சொல்றது?"

அந்த விரல்களையும் டாக்டரிடம் காட்டுவது என்று அன்றே முடிவானது. அடுத்த முறை சென்ட்ரலுக்கு மெட்ரோவில் இரண்டு டிக்கெட்.

இப்போதும் அதிகாலை மூன்றரைக்கு உள்ளறையிலிருந்து குரல் வருகிறது. கேள்விதான் மாறியிருக்கிறது.

"இன்னாம்மா, இன்னிக்கு எத்தினி குடம் கீது?"